பலகை அக்காவும் ஆற்றுக் கட்டமும்

மேடையில் வீற்றிருக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், நம்மை விட்டுப் போன அக்காவின் கணவர், நம் எல்லோருடைய படகு எஞ்சினையும் பழுது பார்க்கும் மெக்கானிக் மாமா அவர்களே, அவருடைய மகளே, வலைக்காரர்களே, தூண்டில்காரர்களே, கீழே ஐஸ் அறையைப் பூட்டிவிட்டு மேலே வந்திருக்கும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேர் பேசி முடிப்பதற்குள் நான் ஆறு தடவை ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டேன். நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. துக்கத்தில் தவிக்கிறான் என்று நினைத்துச் செயலாளர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். துக்கம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் துக்கம் மட்டும் இல்லை. இரண்டு தாளில் எழுதிக்கொண்டு வந்த உரை சட்டைப் பையில் இருக்கிறது. அதை எடுக்கப் போவதில்லை.

நம் சங்கத்தின் நீர்நிலைக் கண்காணிப்பாளர். இருபத்தேழு ஆண்டுகள். பதவிப் பெயர் இவ்வளவு நீளம், ஆனால் அதைச் சொல்லி யார் அவரைக் கூப்பிட்டோம்? பலகை அக்கா! படகுத்துறையில் நிற்கும் அந்தக் கரும்பலகைக்கு முன்னால், விடிந்தும் விடியாத நேரத்தில், ஒரு கையில் ஈரத்துணியும் மறு கையில் சாக்பீஸுமாக நின்ற பலகை அக்கா! பலகையில் இரண்டே கட்டம். இடது பக்கம் ஏரி, வலது பக்கம் ஆறு. அதைப் படிக்காமல் நம்மில் யார் படகை அவிழ்த்தோம்?

ஏரியை அவரே பார்ப்பார். துடுப்புப் போட்டு நடு ஏரிக்குப் போய், கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டை இறக்குவார். தட்டு எத்தனை முழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்பதுதான் அன்றைய தெளிவு. பிறகு வெப்பமானியை இறக்கி மேல்தண்ணீர் எவ்வளவு, அடித்தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். கோடையில் கெண்டை ஆழத்துக்குப் போய்விட்டது, வலையை இறக்கிக் கட்டுங்கள் என்பார். குளிர் மாதங்களில் அவசரப்பட்டு விடியலில் போகாதீர்கள், வெயில் ஏறினால்தான் மீன் அசையும் என்பார். முட்டையிடும் காலத்தில் நாணல் பக்கம் எவன் படகாவது தெரிந்தால், அவன் வீட்டு வாசலுக்கே போய் நிற்பார். அது எந்தப் பலகையிலும் எழுதாத வேலை.

ஒன்று மட்டும் எழுத மாட்டார். இன்றைக்கு மீன் கிடைக்கும் என்று எழுதவே மாட்டார். ஒரு தூண்டில்காரர் விடாமல் நச்சரித்தார், கிடைக்குமா கிடைக்காதா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று. அக்கா சாக்பீஸை வைத்துவிட்டுச் சொன்னார்: “அத மீனத்தான் கேக்கணும். நான் தண்ணியத்தான் கேட்டுட்டு வந்தேன்.”

சிரிக்கிறீர்கள். நல்லது. இனி சொல்லப் போவதற்கு நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

ஆற்றை நான் பார்ப்பேன். பதினாறு வருடமாக நான்தான் பார்க்கிறேன். பாலத்தின் மூன்றாவது தூணில் அடி அளவு வரைந்திருக்கிறது. தினம் காலையில் சைக்கிளில் போய், அளவையும் தண்ணீரின் நிறத்தையும் பார்த்து வந்து அக்காவிடம் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் என் வேலை. ஆனால் கோடை முடிந்து மேலே முதல் மழை விழும் நாட்களில், அந்தச் சின்ன வேலைதான் பெரிய வேலை. புதுத் தண்ணீர் வந்தால், ஆறு ஏரியில் சேரும் இடத்துக்கு, அந்த ஆற்று வாய்க்கு, மீன் ஏறி வரும், நீங்கள் எல்லோரும் அங்கேதான் வலை கட்டுவீர்கள். பாலத்தில் தண்ணீர் அரை அடி ஏறி நிறம் மாறிவிட்டால், இரண்டு மணி நேரத்தில் வெள்ளம் அங்கே வந்து நிற்கும். அன்றைக்கு யாரும் ஆற்று வாய்க்குப் போகக் கூடாது.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பலகையில் ஆறு இரண்டேகால் அடி, தெளிவு என்று இருந்தது. நம்பிப் போனீர்கள். ஒன்பது மணிக்கு வெள்ளம் வந்தது. பதினெட்டுப் பேருடைய வலை போனது. ஒரு படகு கவிழ்ந்தது. அதில் இருந்த வலைக்கார அண்ணனின் வலது கை பாறையில் மாட்டி உடைந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். இன்றுவரை அந்தக் கையால் துடுப்பை இறுக்கிப் பிடிக்க முடியாது. அவர் இங்கேதான் இருக்கிறார், கதவோரம் நிற்கிறார்.

மூன்றாம் நாள் இதே கூடத்தில் கூட்டம் போட்டீர்கள். வாய்க்கு வந்தபடி பேசினீர்கள், பேசாமல் என்ன செய்வீர்கள்? அக்கா எழுந்து நின்று, தம்பி மூன்று அடி என்று சரியாகத்தான் சொன்னான், நான்தான் நேற்றைய எண்ணை அழிக்க மறந்துவிட்டேன் என்றார். அதோடு முடிந்தது. நான்கு மாதம் பலகையை அவர் கையிலிருந்து பிடுங்கினீர்கள். கீழே ஐஸ் அறையில் பெட்டி எண்ண அனுப்பினீர்கள். பலகையை என்னிடம் கொடுத்தீர்கள்.

அக்கா எதையும் மறக்கவில்லை. நான் அன்றைக்குப் பாலத்துக்கே போகவில்லை.

தலைவர் அவர்களே, மணியை அடிக்காதீர்கள். நேரம் ஆகட்டும்.

பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சைக்கிள் டயரில் காற்று இல்லை. லேசாகத் தூறல். டீக்கடையில் ஒதுங்கி நின்றேன். நேற்று இரண்டேகால் அடி, ஒரு நாளில் என்ன மாறிவிடப் போகிறது என்று நினைத்தேன். நேராகத் துறைக்கு வந்து அதையே சொன்னேன். அக்கா என் காலைப் பார்த்தார். பாலத்தடியில் இறங்கிவிட்டு வந்தவன் காலில் சேறு இல்லாமல் இருக்குமா? “பாலத்துக்குப் போனியா?” என்று கேட்டார். போனேன் அக்கா என்றேன். ஒரு நிமிடம் நின்றார். பிறகு எழுதினார். அந்த ஒரு நிமிடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் பதினெட்டு வலையும் ஒரு கையும் தப்பித்திருக்கும்.

மாமா, தலை குனியாதீர்கள். குனிய வேண்டியவன் மைக்குக்கு முன்னால் நிற்கிறான். அந்த நான்கு மாதமும் உங்கள் பட்டறைக்கு எஞ்சின் கொண்டுவராமல் போனவர்கள் இந்தக் கூடத்தில் இருக்கிறார்கள். உங்கள் காதுபடக் குத்திப் பேசியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் தினமும் உங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனேன்.

அந்த நான்கு மாதமும் அக்கா ஐஸ் அறைக்குள் போவதற்கு முன்னால் பலகைக்கு எதிரே வந்து, உங்களோடு உங்களில் ஒருவராக நின்று, நான் எழுதியதைப் படித்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்! அதற்குப் பிறகு, அக்கா போன இந்த மூன்று நாளைத் தவிர, நான் ஒரு நாளும் பாலத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. காய்ச்சலிலும் போயிருக்கிறேன். அது நேர்மையா, பயமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன். பிறகு மென்று விழுங்கி, ஏன் அக்கா அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

“நான் மறந்தேன்னா அது கைத் தப்பு, துடைச்சுட்டு எழுதிக்கலாம். நீ போகலைன்னா அப்புறம் பலகையில இருக்கிற எதையும் எவனும் நம்ப மாட்டான். நம்பாம போனா மறு மழையில ஆளே போயிருக்கும்.” மூச்சு வாங்கிக்கொண்டு, “ஆனா உன் கால்ல சேறு இல்லாததப் பாத்துட்டும் எழுதினேன் பாரு, அது என் தப்பு. அத மறக்கல” என்றார்.

இப்போதாவது எல்லோரிடமும் சொல்லிவிடட்டுமா என்றேன். “நான் இருக்கிற வரைக்கும் வேண்டாம். அப்புறம் உன் பாடு” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் செய்தது சரியா? பதினோரு வருடமாக அதோடு மல்லுக்கட்டுகிறேன். சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் தப்பித்தவன் நான், நான் எப்படிச் சரி என்பேன்? தவறு என்றும் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். வலைக்கார அண்ணே, நீங்கள் பதினோரு வருடம் அக்காவோடு பேசவில்லை. பலகையைத் திரும்பியும் பார்க்காமல், உங்கள் கணக்கில் தண்ணீரில் இறங்கினீர்கள். எதிரே அவர் வந்தால் தெருவைக் கடந்து போனீர்கள். அந்தக் கோபம் என்னுடையது. என் விலாசத்துக்கு வந்திருக்க வேண்டியதை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். இனி அவரிடம் போய் நீங்கள் ஒரு வார்த்தை பேச முடியாது. அதையும் சேர்த்துத்தான் உங்களிடமிருந்து பறித்திருக்கிறேன்.

சற்று முன்பு தலைவர் ஓர் அறிவிப்புச் செய்தார். அக்காவின் இடத்துக்கு இனி நான் என்றார். கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டல்தான் என்னை உட்காரவிடவில்லை. தெரியாமல் தட்டிய கையை நான் வாங்கிக்கொள்ள முடியாது. இப்போது தெரிந்துகொண்டீர்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். இன்றைக்கே சொல்லிவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அந்த முடிவை நீங்கள் நிதானமாக எடுங்கள், ஆறு நிதானமாக இல்லை. அக்கா போன மூன்று நாளாக ஆற்றுக் கட்டம் காலியாகக் கிடக்கிறது. அடக்கம், உறவினர் வருகை என்று நானும் போகவில்லை. காலையிலிருந்து மேல்பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது, அதைத்தான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூட்டம் முடிந்ததும் சாயங்காலம் ஆற்று வாயில் வலை கட்டலாம் என்று பின்வரிசையில் நாலைந்து பேர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. கட்டாதீர்கள். எண் வரட்டும்.

அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் உறுதி எடுத்தார்கள். என் உறுதி சின்னது. இன்றிலிருந்து ஆற்றுக் கட்டத்தில் அளவுக்குக் கீழே, அதைப் போய்ப் பார்த்தவர்கள் யார் என்பதும் எழுதப்படும். ஒருவர் இல்லை, இரண்டு பேர். நான் இப்போதே கிளம்புகிறேன். கூட ஓர் ஆள் வேண்டும். என்னை நம்புகிறவர்கள் வர வேண்டாம், உட்காருங்கள். நம்பாத ஒருவர் வாருங்கள்.

மாமா, நீங்கள் எழ வேண்டாம். நீங்கள் இன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டும்.

வலைக்கார அண்ணன் கதவைத் திறந்துவிட்டார். அண்ணே, நன்றி சொல்ல மாட்டேன், அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. சபையோரே, மன்னியுங்கள், என் உரை இத்துடன் முடிகிறது. அண்ணே, பாலம் வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வாருங்கள். தூணில் இருக்கும் எண்ணை மட்டும் உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன்.