முள் ஏறிய காரணம்

ரிப்பேருக்கு விட்ட காரை எடுக்க, கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள் அந்தக் கணவனும் மனைவியும். நான் பின் சீட்டில் இருந்தேன்.

“என் தம்பி மேலயா சந்தேகப்படுறீங்க?” என்றாள் அவள்.

“ஓடுறப்ப டெம்பரேச்சர் முள்ளு இறங்குது, டிராஃபிக்ல நின்னா ஏறுது. ஏன்னு பார்த்தா ஒயரு அறுந்து ரேடியேட்டர் ஃபேனே சுத்தலயாம். மெக்கானிக் இப்பதான் போன்ல சொன்னான்.”

“ஒயரு தானா அறுந்திருக்கும்.”

“பிளேடு வச்சு அறுத்த மாதிரி இருந்துச்சாம். சேர்த்ததும் முள்ளு ஒரே இடத்துல நிக்குதாம். கடைசியா வண்டிய வாங்கிட்டுப் போனது யாரு? ‘எஞ்சின் போச்சு மாமா, கம்மி வெலைக்கு எனக்கே குடுத்துடுங்க’னு கேட்டது யாரு?”

அவள் குரல் இறங்கியது.

“காலையில தம்பி போன் பண்ணான். ‘ஃபேன மாத்திட்டாங்களாக்கா’னு கேட்டான். ஃபேனுதான் ரிப்பேருனு எனக்கே இப்பதானே தெரியும்.”