மேற்குச் சுவர்

உங்கள் ஸ்டேஷன் வாசலில் ஒரு கொய்யாக் கன்று நிற்கிறது, மேடம். நல்ல கன்றுதான். ஆனால் தண்ணீர் ஊற்றுகிற கான்ஸ்டபிள் உச்சி வெயிலில் ஊற்றுகிறார். காலையில் ஊற்றச் சொல்லுங்கள். கொய்யா என்பதால் பொறுத்துக்கொள்கிறது. நான் வளர்க்கிற மரமாக இருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும்.

நான் வளர்ப்பது பட்டர் ஃப்ரூட். ஜூஸ் கடையில் பாலோடு அடித்துத் தருவார்களே, அந்தப் பழம். மலைச் சரக்கு. வெள்ளானூரில் அதைக் கொண்டுவந்து வைத்தவனுக்கு மூளை பிசகிவிட்டது என்பதில் எங்கள் ஊரில் இரண்டாவது கருத்து கிடையாது. டீக்கடை ஞானசேகரன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா அண்ணாத்தே, கொடைக்கானலு எப்டி கீது?" என்பான். சிரித்துவிட்டுப் போவேன். அவனுக்கு மரம் பதில் சொல்லட்டும் என்றிருந்தேன்.

வெயிலைப் பற்றிச் சொன்னால்தான் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரியும். இந்த மரம் இளசாக இருக்கும்போது தண்டு கைக்குழந்தையின் தோல் மாதிரி. நேர் வெயில் பட்டால் பட்டை பழுப்பாகும், பிறகு வெடிக்கும், வெடிப்பில் பூச்சி ஏறும். அதனால் தண்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும். தலைக்கு மேலேயும் மேற்குப் பக்கமும் பச்சை வலை கட்ட வேண்டும். வேரைச் சுற்றி வைக்கோல் பரப்ப வேண்டும். கிழக்கே திறந்து விடலாம். காலை வெயில் அம்மா, மத்தியான வெயில் மாமியார் என்று நான் சொல்வேன். வனஜா அண்ணி அதைக் கேட்டு ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்.

முதல் வருஷம் எனக்கு இதெல்லாம் தெரியாது. மோட்டார் ரூமின் மேற்குச் சுவரை ஒட்டி வரிசையாகக் கன்று வைத்தேன். காலையில் அங்கே அருமையான நிழல் இருக்கும். அந்த நிழலைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். பொழுது உச்சிக்கு வந்ததும் நிழல் சுவருக்குள் போய்விடும். அதற்கு மேல் அந்த இடம் அடுப்பு. வெயில் நேராக முகத்தில் அடிக்கும், சுவர் வாங்கிய சூட்டை முதுகில் துப்பும். அந்தக் கோடையிலேயே அத்தனை கன்றும் கருகிவிட்டன. நான் உட்கார்ந்து அழுதேன். என் மனைவி செத்தபோதுகூட அப்படி அழவில்லை. மறு வருஷம் புதுக் கன்றுகளைத் தள்ளி வைத்தேன். அந்தச் சுவரோரம் இனி உயிருள்ள எதையும் வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அண்ணனைப் பற்றிக் கேட்டீர்கள்.

ஜானகிராமன் என்னைத் தூக்கி வளர்த்த அண்ணன். அப்பா சாகும்போது நிலம் முழுவதையும் அவர் பேரில்தான் எழுதினார். "தம்பிய நீ பாத்துக்குவடா" என்றார். எனக்கு அதில் வருத்தமில்லை. அண்ணன் பார்த்துக்கொண்டார். அம்பத்தூரில் நான் லேத் வேலைக்குப் போனதும், கல்யாணம் செய்ததும், மனைவி போன பிறகு அவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டதும் எல்லாம் அவர் நிழலில்தான். நெல் போட்டு நஷ்டப்பட்ட வயலில் ஒரு மூலையை எனக்குக் கொடுத்து, "இன்னா வேணா வச்சிக்கடா" என்றதும் அவர்தான்.

பிறகு சுற்றிலும் வீடு எழும்பியது. மனை போடுகிறவர்கள் வந்தார்கள். அண்ணன் விற்றுவிடலாம் என்றார். மூன்று கோடை காப்பாற்றிய மரங்கள், மேடம். அடுத்த தையில் பூக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சொன்னேன். அவர் சிரித்தார்.

"ஊரே ஊடு கட்டிகினு கீது. நீ இன்னாடா மரத்துக்குக் கொட புடிச்சிகினு நிக்கற?"

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது முள் மாதிரி நின்றுவிட்டது.

போன ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. மனைப் பேச்சு அதோடு நின்றது. நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நிம்மதியாக இருந்தது, அவ்வளவுதான். அவரைக் குளிப்பாட்டியது நான். சவரம் செய்துவிட்டது நான். அண்ணியைக் கேட்டால் சொல்வார், பெற்ற பிள்ளைகூட அப்படிச் செய்யாது என்று.

பயிற்சி கொடுக்க வந்த ஸ்ரீராம் என்கிற தம்பி, காலையில் கொஞ்ச நேரம் வெளியே காற்றாட உட்கார வையுங்கள் என்றார். தினமும் நாற்காலியைத் தோட்டத்துக்கு எடுத்துப் போய் மரத்தடியில் போட்டு உட்கார வைப்பேன். வலது பக்கம் சரிந்துவிடுவார் என்பதால் அண்ணி துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிடுவார். தள்ளுவண்டிக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு பெரிய குடையும் வாங்கிக் கொடுத்தார். அதை நாற்காலிக்குப் பக்கத்தில் நட்டுவிடுவேன்.

பங்குனியில் அவருக்கு ஒன்றிரண்டு வார்த்தை வர ஆரம்பித்தது. அண்ணி திருவேற்காட்டுக்குப் போய் வேண்டுதலை முடித்துவிட்டு வந்தார். நானும் கூடப் போனேன், நானும் கும்பிட்டேன். அடுத்த வாரமே மனைக்காரர் வீட்டுக்கு வந்தார். அண்ணன் அவரிடம் தலையாட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் போன பிறகு அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடி இடது கை விரலால் தொடையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்ப ஒரே வளைவு. கையெழுத்துப் பழகுகிறார் என்று எனக்குப் புரிந்தது. வலது கை விழுந்தவர் இடது கையால் விற்கப் பார்க்கிறார். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி அன்றைக்கு நடந்தது.

கத்திரி உச்சத்தில் இருந்தது. அண்ணி சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் பூந்தமல்லி போகக் கிளம்பினார். "வரதா, அவர சீக்கிரம் உள்ள இட்டாந்துடு, வெயிலு ஜாஸ்தியா கீது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். முந்தின நாள் காற்றில் ஒரு கன்றின் வலை கிழிந்து போயிருந்தது. இருப்பதிலேயே சின்னக் கன்று அது. குடையை எடுத்து அதற்கு நட்டேன். குடை இல்லாமல் அண்ணனை மரத்தடியில் வைக்க முடியாது, இலை நிழல் இன்னும் அவ்வளவு அடர்த்தி இல்லை. அதனால் நல்ல நிழலாகப் பார்த்து மோட்டார் ரூமின் மேற்குச் சுவரோரம் வைத்தேன். துண்டை நான்தான் கட்டினேன். வழக்கமான முடிச்சுதான்.

பிறகு வலை வாங்க சென்னீர்குப்பம் போனேன், வழியில் வண்டி பஞ்சர் ஆகிவிட்டது, திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று போன தடவை சொன்னேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். ஊரும் அதைத்தான் நம்புகிறது. வெயில் கொண்டுபோய்விட்டது என்று ஞானசேகரன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

சென்னீர்குப்பம் போனது உண்மை. பஞ்சர் ஆகவில்லை. நான் திரும்பியபோது நிழல் இன்னும் அண்ணனின் பாதத்தைத் தாண்டிக் கிடந்தது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் வலையைப் பிரித்தேன், நீளம் பார்த்து வெட்டினேன், கம்பு நட்டேன். வேலை நிதானமாக நடந்தது. நிழல் அவர் பாதத்துக்கு வந்தது. நாற்காலிக்கு அடியில் போயிற்று. நான் பெரிய மரங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தேன். அங்கே வலைக்குக் கீழே காற்று குளிர்ச்சியாக இருந்தது.

அவர் என்னைக் கூப்பிட்டார். பேச்சு அந்த அளவுக்குத் திரும்பியிருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. "வரதா" என்று முழுசாகச் சொன்னார். நடுவில் வருகிற ரகரம்கூடத் தெளிவாக இருந்தது. ஸ்ரீராம் தம்பி கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். பிறகு "தண்ணி" என்றார். பிறகு மறுபடி என் பெயர். சுற்றிலும் வீடுகள்தான், ஆனால் அந்த வெயிலில் எல்லாரும் கதவைச் சாத்தி ஏசி போட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். இடது கையால் துண்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அந்தக் கையில் பலம் வந்திருந்தது. முடிச்சு முதுகுப் பக்கம் இருந்ததால் எட்டவில்லை.

நான் அவரைத் தொடவே இல்லை, மேடம். அதை மட்டும் நீங்கள் சரியாக எழுத வேண்டும். ஓர் அடி கிடையாது, ஒரு வசவு கிடையாது. வெயில் யார் சொன்னாலும் நகராது.

அவர் சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அண்ணிக்கு போன் செய்தேன், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன், எல்லாரும் செய்கிறதைச் செய்தேன்.

நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டது குடையால் என்று சொன்னீர்கள். அண்ணனுக்கு வாங்கிய குடை கன்றின் மேல் எப்படி நின்றது என்று கேட்டீர்கள். ஆட்கள் வருவதற்குள் அதைப் பிடுங்கி அவர் பக்கத்தில் நட்டிருக்கலாம், நேரம் இருந்தது, எனக்கு அது தோன்றவும் செய்தது. குடை வரை நடந்தும் போனேன். வெயில் அப்போது இறங்கவில்லை. புது வலையைக் கம்பில் கட்டி முடிக்கவில்லை. குடையை எடுத்தால் கன்று தாங்காது. விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று அண்ணி என்னைப் பார்க்க வந்தார். அவருக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. அழுதுகொண்டே ஒன்று சொன்னார். மனைக்காரரிடம் அண்ணன் தலையாட்டியது மற்ற நிலத்துக்குத்தானாம். தோட்டத்தை என் பேருக்கு எழுதிவைத்துவிட்டுத்தான் மிச்சத்தை விற்பது என்று முடிவாம். அந்தக் கையெழுத்துக்குத்தான் தினமும் விரலால் பழகினாராம். "பத்திரம் கைக்கு வந்தப்பறம் உன்னாண்ட சொல்லலாம்னு இருந்தாரு, வரதா. நீ சந்தோஷப்படறத பாக்கணும்னாரு" என்றார்.

நான் அதை நம்பவில்லை, மேடம். அண்ணி நல்லவர், செத்தவரைப் பற்றி நல்லதாகச் சொல்லத் தோன்றியிருக்கும். அப்படி ஒரு எண்ணம் அவருக்கு இருந்திருந்தால் என்னிடம் சொல்லியிருக்க மாட்டாரா? அன்றைக்கு அவ்வளவு நேரம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாரே, ஒரு தடவையாவது அதைச் சொல்லியிருக்கலாமே. நான் கேட்டுக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தேன்.