காளீஸ்வரிக்கு வந்த பதில்கள்

என் கடையில் அடித்த விண்ணப்பத்தில் எழுத்துப்பிழை இருந்ததாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லை, சார். போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பதினோரு வருடமாக ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறேன். ஷீலா கடை என்றால் ஏலக்காய் வியாபாரிகளுக்குக்கூடத் தெரியும்.

காளீஸ்வரி பி.காம். முடித்த கையோடு என்னிடம் வந்தாள். போடிமெட்டுக்குக் கீழே, டவரே எடுக்காத ஓர் ஏலத்தோட்டத்தில் வீடு. அப்பா கண்ணுச்சாமி அங்கே காவல்காரர். அம்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்பில் இறங்கி வருவாள். அவளுக்கு மெயில் திறந்து கொடுத்தது நான். மலையில் போன் எடுக்காது என்பதால் எல்லா விண்ணப்பத்திலும் என் நம்பரைத்தான் போட்டோம். அது அவளே சொன்ன யோசனை.

நீங்கள் ஆன்லைனில் வேலை தேடியிருக்க மாட்டீர்கள். பத்துப் பக்கம் நிரப்பி முடித்தால், ஓடிபி வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று முதல் பக்கத்துக்கே தள்ளிவிடும். போட்டோ பெரிதாக இருக்கிறது என்னும். சுருக்கினால் தெளிவாக இல்லை என்னும். புதியவர்கள் வரலாம் என்று போட்டிருக்கும், உள்ளே போனால் இரண்டு வருட அனுபவம் கேட்கும். அவள் சலிக்கவே மாட்டாள். "இன்னொருவாட்டி போட்டுப் பாப்போம்க்கா" என்பாள். மதியம் அவள் கொண்டுவரும் சோற்றை இருவரும் பகிர்ந்துகொள்வோம். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் யாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை அவளால் வேலைக்குச் சேர முடியுமா என்றார்கள். வேறு வேலை கிடைத்துவிட்டது என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. ஞாயிற்றுக்கிழமை, "ஏதாச்சும் வந்துச்சாக்கா?" என்று கேட்டுக்கொண்டே படியேறினாள். "இல்லம்மா" என்றேன். பையை வைத்துவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்கு உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு வந்தவற்றுக்கு யோசித்துத்தான் பதில் போட்டேன். எல்லாருக்கும் அவள் பெயரில், வர இயலாது என்று மரியாதையாகத்தான் எழுதினேன். பிறகு மெயிலை அழித்துவிடுவேன்.

இரண்டரை வருடம் போனது. போட்டோவில் கறுப்பாக இருக்கிறோமோ என்று ஸ்டுடியோ மாற்றி மாற்றி எடுத்தாள். பெயர் நாட்டுப்புறமாக இருக்கிறதோ என்றாள். ஒருநாள் கீபோர்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "எங்கிட்டதான் என்னமோ கொறை இருக்குக்கா. எரநூறு எடத்துல ஒருத்தருக்குக்கூடவா என்னயப் பிடிக்கல?" அன்றைக்கு நான்தான் அவளுக்குத் தலைவாரிவிட்டேன். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

இந்தச் சித்திரையில் கொச்சிக் கம்பெனி ஒன்று என் கடைக் கம்ப்யூட்டரிலேயே அவளை நேர்காணல் செய்தது. அருமையாகப் பேசினாள். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள், தேர்வாகிவிட்டாள் என்று மெயில் வந்தது. அதையும் அழித்தேன்.

இரண்டு ஞாயிறு வந்து கேட்டாள். மூன்றாவது ஞாயிறு வரவில்லை. செடிக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டாள் என்று ஜீப் டிரைவர் சுருளி வந்து சொன்னான். மாலை வாங்கிக்கொண்டு அவன் ஜீப்பிலேயே போனேன். நன்றாக அழுதேன், விசாரித்துப் பாருங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கண்ணுச்சாமி அண்ணன் கடைக்கு வந்தார். கையில் ஒரு கவர்.

"தபால்ல வந்துச்சு தாயி. இங்கிலீசுல இருக்கு. என்னன்னு வாசிச்சுச் சொல்லு."

கொச்சிக் கம்பெனியின் வேலை உத்தரவு. ஒன்றாம் தேதி சேரச் சொல்லியிருந்தது. முழுவதும் இரண்டு தடவை வாசித்தேன்.

"இந்தத் தடவையும் இல்லைன்னுதாண்ணே போட்டிருக்கு."

அவர் அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அப்ப எம்மக நெனச்சது சரிதான்" என்றார். திரும்பிப் போகும்போது ஜீப்பில் சுருளியிடம் காட்டியிருக்கிறார். அவன் வாசித்துவிட்டு அவரை நேரே ஸ்டேஷனுக்கு உங்களிடம் கூட்டிவந்திருக்கிறான்.

மறைத்தது அத்தனையும் நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் அந்த மனுஷனிடம் ஏன் பொய் சொன்னாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வேலை கிடைத்த பிள்ளை அது தெரியாமலே செத்துப்போனது என்று கேட்டால் எந்தத் தகப்பனால் தாங்க முடியும்? அவருக்காகத்தான் சொன்னேன், சார்.