காளியண்ணன் குருவிக்குப் பெயர் மாற்றியவருக்கு

ஏரிக்கரைப் பள்ளியின் ஏற்றமே! பனமரத்துப்பட்டிப் பிள்ளைகளின் பகல்வெளிச்சமே! தவளையை அறுக்கும்போதும் தன்மை குறையாத தாயே! முப்பத்து மூன்று ஆண்டுகள் உயிரியலை உயிரோடு நடத்தி, இன்று பணி நிறைவு பெறும் உயர்திரு அறிவுச்செல்வி அம்மையாரே! வணக்கம்!

கடமை, கண்ணியம், காலந்தவறாமை என்று உங்கள் குணங்களை வரிசையாக அடுக்கத்தான் முதலில் நினைத்தோம். அடுக்கினால் பாதியிலேயே உங்கள் சிவப்பு மைப் பேனா வெளியே வந்துவிடும் என்று நினைப்பை மாற்றிக்கொண்டோம். ஒரே ஒரு காரியத்தை மட்டும் சொல்கிறோம். அதையும் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னால் நிறுத்தச் சொல்வீர்கள். ஆகையால் நீங்கள் மாலையைச் சரிசெய்துகொண்டு அமர்ந்திருங்கள். நாங்கள் அவையோரிடம் பேசிக்கொள்கிறோம்.

அவையோரே! நம் பள்ளியின் கிழக்குச் சுவரில் பன்னிரண்டு பறவைகளின் படங்கள் ஏறி இருபது ஆண்டுகள் ஆகின்றன. டியூப்லைட்டில்கூட வெளிச்சம் மறையும் அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதுகிற ஊர் நம் ஊர். பறவையை விட்டுவைப்போமா? ஒவ்வொரு படத்தின் கீழும், உபயம் தந்தவர் பெயர் கொட்டை எழுத்தில் வந்தது. “பெருசாவே எழுதுங்க, அப்பத்தான் அடுத்த சுவத்துக்கும் ஆளு வருவாங்க” என்று பெயிண்டரிடம் சொன்னவர் வேறு யாருமல்லர், நம் அம்மையார்தான். அதற்கும் கீழே பொடியாக இருந்த பறவையின் பெயர், ஆண்டுவிழாவுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது மறைந்தது. மேலே ‘உபயம்’ என்று எழுதியிருந்த தலைப்பு மழையில் கரைந்தது. மிஞ்சியவை பறவையும் ஆள் பெயரும்.

அவ்வளவுதான். உள்ளான் கண்ணுசாமி ஆயிற்று. முக்குளிப்பான் ஜெகதீஸ்வரன் ஆயிற்று. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வந்து, ஏரிச் சேற்றில் வாலை ஆட்டி ஆட்டி ஓடுகிற மஞ்சள் வாலாட்டி காளியண்ணன் ஆயிற்று. வகுப்பில் அம்மையார் எப்போதாவது ஒரு நாள் சரியான பெயரைச் சொன்னார். சுவரோ தினமும் தவறான பெயரைச் சொன்னது. பிள்ளைகள் சுவரைத்தான் நம்பினார்கள்.

ஒன்றரை ஆண்டுக்கு முன், சேலத்தில் நடந்த வினாடி வினாவில் திரையில் வாலாட்டியின் படம் வந்தது. நம் ஒன்பதாம் வகுப்பு ரஞ்சனி எல்லாருக்கும் முன்பாக மணியை அழுத்தி, “காளியண்ணன்!” என்றாள். அரங்கமே சிரித்தது. திரும்பும் பேருந்தில் அந்தப் பெண் அழுத அழுகையில் அம்மையாரின் முந்தானை நனைந்தது. அமெரிக்காவில் ஆட்களின் பெயர் தாங்கிய பறவைகளுக்கெல்லாம் வேறு பெயர் சூட்டப் போகிறார்கள் என்ற செய்தியும் அந்நாட்களில்தான் வந்தது. “பெரிய பெரிய துரைமாருங்க பேரையே எடுக்கறாங்களாம். நம்ம சுவத்துல எடுக்க மாட்டமா?” என்று அம்மையார் கிளம்பிவிட்டார்.

உபயதாரர் பெயர்களைத் தனியே ஒரு கல்லில் பொறிப்பதாகச் சொன்னதும், பதினொரு வீட்டார் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். பன்னிரண்டாவது வீடு முத்தாயம்மாளுடையது. கணவர் காளியண்ணன் சங்ககிரி லாரி ஓட்டுநர். படத்துக்கு உபயம் தந்த மறு வருடமே நாக்பூர்ச் சாலை விபத்தில் போய்விட்டார். பிள்ளைகளும் இல்லை.

“கல்லுல இருக்குற பேரை யாருங்க டீச்சர் படிப்பாங்க?” என்றார் முத்தாயம்மாள். “ஐப்பசியானா பிள்ளைங்க கரையில நின்னு, காளியண்ணன் வந்தாச்சுன்னு சத்தம் போடுதுங்க. எங்கூட்டுக்காரரு லோடு எறக்கிப்போட்டு ஊடு வந்தாப்பல இருக்குதுங்க. அதை நிறுத்திப்போடாதீங்க சாமி.”

அம்மையார் பள்ளிக்குத் திரும்பினார். பெயிண்டர் பதினொன்றை முடித்துவிட்டுப் பிரஷ்ஷோடு நின்றார். தலைமையாசிரியர் அவசரப்படுத்தினார். “அந்தம்மா சொல்லாம அதைத் தொட மாட்டேனுங்க. தப்பு பண்ணுனது நானு. அழிக்கறதுக்கு மட்டும் எனக்கு ஏதுங்க அதிகாரம்?” என்று அம்மையார் உட்கார்ந்துவிட்டார். ஒரு குருவிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று ஆசிரியர் அறையில் நாங்கள் கேலி பேசினோம். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், அம்மையார் முத்தாயம்மாளை ஏரிக்கு அழைத்துப் போனார். இத்தனை வருடத்தில் அந்தப் பறவையை முத்தாயம்மாள் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. மஞ்சள் வயிற்றோடு ஒரு வாலாட்டி நாலடி ஓடியது, நின்று வாலை ஆட்டியது, மறுபடி ஓடியது. முத்தாயம்மாள் நெடுநேரம் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“இதுங்களா அது? எங்கூட்டுக்காரரு உக்காந்தா எந்திரிக்க அரை மணி நேரம் ஆகுமுங்க! இதுக்குப் போயி அவரு பேரா? பாவமுங்க டீச்சர், இது பேரையே இதுக்குக் குடுத்துருங்க.”

சிரித்த கண்ணிலேயே நீரும் வந்தது. அம்மையாரின் முந்தானை மறுபடி நனைந்தது. திங்கட்கிழமை, பன்னிரண்டாவது படத்தின் கீழ் ‘மஞ்சள் வாலாட்டி’ என்று எழுதியவள் ரஞ்சனி.

அம்மையாரே! இனி உங்களிடமே பேசுகிறோம். சென்ற ஐப்பசியில் வாலாட்டிகள் வந்தன. தேர்வில் மஞ்சள் வாலாட்டி என்று பிழையில்லாமல் எழுதிய அதே பிள்ளைகள் கரையில் நின்று, “காளியண்ணன் வந்தாச்சு!” என்று கூவினார்கள். ஒற்றுப் பிழைக்கே ஐம்பது முறை எழுதச் சொல்லும் நீங்கள், அன்று வருகைப் பதிவேட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். வேலியோரம் முத்தாயம்மாள் நின்றிருந்தார்.

புதுப்பித்த பறவைச் சுவருக்கு உங்கள் பெயரைச் சூட்ட ஆசைப்பட்டோம், உங்களுக்கு அஞ்சி விட்டுவிட்டோம். இந்த மடலுக்குச் சட்டம் போட்டுத் தந்த கணக்காசிரியர் பிரபாகரின் பெயரைக்கூடச் சட்டத்தில் எழுதவில்லை. அவருக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.

நலமும் நல்ல நடையும் கூரிய கண்ணும் குறையாது, நூறு ஐப்பசி காண்பீராக! ஒவ்வோர் ஐப்பசியிலும் கரைக்கு வாருங்கள் அம்மா. முத்தாயம்மாளுக்குப் பக்கத்தில் உங்களுக்கும் இடம் இருக்கிறது. பிள்ளைகள் காளியண்ணனைக் கூப்பிடுவார்கள். நீங்கள் திருத்த வேண்டாம்.

இவ்வண்ணம்,
உங்கள் சிவப்பு மைக்கு இன்னும் அஞ்சும்
ஆசிரியர்களும் அலுவலர்களும்,
ஏரிக்கரை மேல்நிலைப் பள்ளி