காப்பிப் பொட்டலத்துக்கு ஒரு குற்றம்

எங்கள் சிறைக்கடையில் விற்கிற காப்பித் தூள் அப்படியொன்றும் உசத்தியில்லை. குழாயில் வரும் வெந்நீர் சரியாகச் சுடாததால் பாதித் தூள் கரையாமல் அடியில் தங்கிவிடும். இருந்தாலும் காலையில் அது உள்ளே இறங்காவிட்டால் எனக்கு எதுவும் ஓடாது. டெக்சாஸ் வெயிலில் காப்பி குடிக்கிறவனைப் பைத்தியம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

என் பெயர் வெர்னன் டக்கெட். எனக்கு முந்நூற்றுப் பத்து வருடம் தண்டனை. சின்ன வயதில் சில மதுக்கடைகளில் துப்பாக்கியைக் காட்டினேன். ஒரு கடையில் அது வெடித்து, கடைக்காரருக்குக் கால் போயிற்று. தண்டனையே வேண்டாம் என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. ஆனால் எங்கள் மாநிலத்தில் எத்தனை வருடம் என்பதை ஜூரிதான் சொல்லும். என் ஜூரியில் ஒரு பல் டாக்டர் இருந்தார், டிராக்டர் விற்பவர் ஒருவர் இருந்தார், மற்றவர்களும் சர்ச்சுக்கு ஒழுங்காகப் போகிற நல்லவர்கள்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலையை முடித்துவிட்டார்கள். ஒவ்வொரு கடைக்கும் அவர்கள் தனித்தனியாகப் போட்ட வருடங்களை நீதிபதி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வாசித்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நூற்றுப் பத்தோடு நிறுத்தியிருந்தால் ஊரில் கஞ்சன் என்று பேசியிருப்பார்கள் போலிருக்கிறது. ஒழுங்காக நடந்துகொண்டால் கொஞ்சம் கழிவு உண்டு என்றும் பெரிய மனதோடு சொன்னார். அடுத்த கோடையிலேயே மீன் பிடிக்கப் போன இடத்தில் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார். நான் இன்னும் முதல் கடைக்கான வருடங்களையே கழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒருவனுக்கு இருபது வருடம் போட்டால் அவன் இருபத்தொன்றாவது வருடத்தை நினைத்து வாலைச் சுருட்டிக்கொண்டு இருப்பான். முந்நூறு போட்டால் அவனிடமிருந்து பறிப்பதற்கு உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. படித்த பல் டாக்டருக்கு இது தோன்றவில்லை. இங்கே வருகிற எவனுக்கும் முதல் வாரத்திலேயே புரிந்துவிடுகிறது.

அதனால்தான் இங்கே ஒரு வழக்கம் உண்டு. சீக்கிரம் வெளியே போகவேண்டிய ஒருவனுடைய படுக்கையில் கைப்பேசியோ கஞ்சாவோ சிக்கினால், அவன் எங்களைப் போன்ற நெடுங்காலத்து ஆட்களைத் தேடி வருவான். ஒரு காப்பிப் பொட்டலமும் சில நூடுல்ஸ் பாக்கெட்டும் கைமாறும். "அது என்னோடதுதான், சார்" என்று நாங்கள் ஒத்துக்கொள்வோம். எங்கள் முந்நூறோடு இன்னும் இரண்டைச் சேர்த்து எழுதிக்கொள்வார்கள். அதிகாரிகளுக்கும் எல்லாம் தெரியும். விவகாரம் முடிகிறதே, அவர்களுக்கு வேறென்ன வேண்டும். இந்தப் பிரிவில் என் அளவுக்குப் பழி ஏற்றவன் கிடையாது.

மார்லன் புரூயிட் என் அறைக்கு வந்தபோது அவனுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. கார் திருட்டு, ஏழு வருடம். என்னை "பெருசு" என்றுதான் கூப்பிடுவான். வாயாடி. என் குறட்டையைக் கேட்டு ஜெயிலே இடம் மாற்றல் கேட்கிறது என்று எல்லோரிடமும் சொல்லுவான். நான் சிரிக்கிறவன் இல்லை, அவனோடு இருந்தபோது சிரித்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் சாப்பாட்டுக்கூடத்திலிருந்து சோள ரொட்டியைச் சட்டைக்குள் ஒளித்து எடுத்துவருவான். ஏழு வருடமும் அப்படியே ஓடிப்போயிற்று.

அவன் விடுதலைக்கு ஒரு மாதம் இருந்தபோது, எங்கள் மாநிலத்து ஓடெஸ்ஸாவில் மாமாவின் டயர் கடையில் வேலை தயார் என்று அவன் அம்மா சொல்லிவிட்டுப் போனாள். அதன்பிறகு அவனுக்கு வேறு பேச்சே இல்லை. மாதா மாதம் வந்து பார்ப்பதாக எனக்குச் சத்தியம் செய்தான். முன்னால் போனவர்களும் செய்தார்கள். ஒருவன்கூட எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தமும் இல்லை. மார்லன் விஷயத்தில் மட்டும் அப்படி விட மனம் வரவில்லை. தவிர, இவனைப் போன்றவன் வெளியே போய் எத்தனை நாள் ஒழுங்காக டயர் மாற்றுவான்? ஒரு வருடத்தில் எவனாவது சுட்டுப் போட்டிருப்பான். நான் அதையும் யோசித்தேன்.

ஹாஸ்கெல் என்று ஒருவன் சலவைக்கூடத்தில் செத்துக் கிடந்தான். முந்தின நாள்தான் சாப்பாட்டு வரிசையில் எல்லோரும் பார்க்க மார்லனோடு கட்டிப் புரண்டிருந்தான். தேடியபோது கூர் தீட்டிய கம்பி மார்லனின் மெத்தைக்குள் கிடைத்தது. அதை அங்கே வைத்தது நான். ஹாஸ்கெலைக் குத்தியதும் நான்தான். அவனோடு எனக்கு ஒரு பகையும் கிடையாது. அந்த வாரத்தில் மார்லனோடு சண்டை போட்டவன் அவன் ஒருவன்தான், அவ்வளவே.

என்னை அயோக்கியன் என்று முடிவு கட்டிவிடவேண்டாம். அன்றைக்கே மெக்கிபன் என்ற விசாரணை அதிகாரியிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டுவிட்டு என் முதுகில் தட்டி அனுப்பினார். நான் விடவில்லை. மார்லனின் வக்கீல் கூப்பிட்டதும் கோர்ட்டுக்குப் போய், பைபிளில் கைவைத்து, கொன்றது நான் என்றேன். அரசு வக்கீல் எழுந்தார். இளைஞர், புது கோட்டு.

"போன வருஷம் சிக்கின போன் உங்களோடதா, மிஸ்டர் டக்கெட்?"

ஆமாம் என்றேன்.

"அதே வாரம் வேற மாடியில சிக்கின கஞ்சா?"

அதற்கும் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல முடியும், எல்லாவற்றிலும் என் கையெழுத்து இருக்கிறதே.

"இந்தக் கொலைக்கு எத்தனை பொட்டலம் காப்பி பேசினீங்க?"

ஜூரியில் ஓர் அம்மாள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். பின்வரிசையில் வாய்விட்டே சிரித்தார்கள். மார்லனுக்குத் தொண்ணூற்றொன்பது வருடம் கொடுத்தார்கள். நூறு போட மனம் வரவில்லை போலும், இரக்கக்காரர்கள். என் வாக்குமூலத்தை மதிப்பில்லாததாக ஆக்கியது நான் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். முந்நூற்றுப் பத்து போட்டார்களே, அவர்கள்தான் ஆக்கினார்கள்.

ஒன்றரை வருடம் தனிக்கொட்டடியில் வைத்திருந்துவிட்டு அவனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கொலைகாரனோடு தங்க எவனும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் ஒத்துக்கொண்டேன். இளைத்துப்போயிருந்தான். இப்போது என் குறட்டையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "பெத்த அப்பன்கூட எனக்காக கோர்ட் வாசல மிதிக்கல, பெருசு. நீதான் கொலையையே உந்தலைல போட்டுக்கப் பாத்த" என்றான். அவன் அம்மா பார்க்க வந்தபோது எனக்கென்று கடவுளிடம் வேண்டிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினாள். அவளுக்கு முன்போல நடக்க முடியவில்லையாம். மகன் வருவதற்குள் கண்ணை மூடிவிடுவோம் என்று பயப்படுகிறாளாம். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அதனால் இந்த வாரம் மறுபடியும் மெக்கிபனிடம் போனேன். மார்லனின் மேல்முறையீடு வரப்போகிறது, ஒரு புது வக்கீல் பெண் அதற்காக அலைகிறாள். முதலிலிருந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். மெக்கிபனுக்கும் வயதாகிவிட்டது. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

"பெருசு, உன் பேச்ச மட்டும் வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. காட்டுறதுக்கு ஏதாவது இருக்கா? ஏதாவது ஒண்ணு. இருந்தா அந்தப் பையன் நாளைக்கே வீட்டுக்குப் போயிடுவான்."

சலவைக்கூடத்தில் ஓடாத பழைய உலர்த்தும் எந்திரம் ஒன்று உண்டு. அதன் பின்சுவர்ப் பொந்துக்குள் அன்றைக்கு நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டை கிடக்கிறது. என் எண் அச்சடித்தது. ஹாஸ்கெலின் இரத்தம் அதில் காய்ந்துபோயிருக்கும்.

இல்லை சார் என்றேன்.

என் கடமை உண்மையைச் சொல்வது, அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லத் தயார். மார்லனை நான்தானே கடைசிவரை பார்த்துக்கொள்ளவேண்டும். அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.