முதல் மார்க் வாங்கிய கதை

“ஏட்டி பாலம்மா, இந்த வருசம் எந்தக் கதைக்கு மொத மார்க்கு?”

தீப்பெட்டி ஆபீஸில் கட்டைச் சட்டத்தில் குச்சி அடுக்கிக்கொண்டே ராதாமணி ஒருநாள் கேட்டாள். சாதாரணக் கேள்விதான். மார்கழி பிறந்தால் எல்லோரும் என்னிடம் கேட்பதுதான்.

நான் எட்டாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். படிக்கச் சொன்னால் மட்டும் தடங்கலில்லாமல் வரும். கணக்கப்பிள்ளை சுந்தரபாண்டியன் அண்ணாச்சி, வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். கதை கேட்டால் பிள்ளைகள் வாயடித்துக்கொண்டிருக்காமல் வேலை பார்க்கிறார்கள் என்று கண்ட முதலாளி, என்னை நடுவில் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னார். என் பங்குக் கட்டைகளை மற்றவர்கள் அடுக்கிக் கொடுத்தார்கள்.

முடித்த ஒவ்வொரு கதைக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போட்டு ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். முப்பத்தைந்துக்குக் கீழே என்றால் பெயில். பொங்கல் லீவுக்கு முன்னால் முதல் மார்க் கதையை மறுபடி படிப்பது வழக்கம்.

எழுபத்தொன்பதாம் வருஷம் முதல் மார்க் ஒரு மருமகள் கதைக்கு. புருஷனிடம் அடிபட்டவள், ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப்போய் இட்லிக்கடை வைத்துப் பிழைத்துக்கொள்வாள். தொண்ணூற்றாறு போட்டேன்.

ராதாமணி பத்தாவது வரை படித்தவள். அந்தக் கதையை அவள் வீட்டுக்கு வாங்கிப் போயிருப்பதாக அண்ணாச்சி சொன்னார். இட்லிக்கடை அந்தக் கதையில் கிடையாது. அதில் மருமகள் கிணற்றில் விழுந்து சாகிறாள். அந்த இடத்தைப் படிக்க வந்தபோது, எதிரே கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த வெயிலுகந்தம்மாள் அக்காவைப் பார்த்தேன். வாய் தானாக வேறு சொல்லிவிட்டது. மார்க் போடும்போது எது கதை, எது நான் சொன்னது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் ராதாமணி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஒன் சங்கதி தெரிஞ்சு போச்சுட்டி. சாப்பாட்டு மணி அடிக்கட்டும், எல்லாருக்கும் சொல்லுதேன்.”

அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். நடுவில் உட்காரும் இடம் போய்விட்டால் நான் மறுபடி மூலையில் வாய் திறக்காமல் கிடக்க வேண்டியதுதான். அதுவரை படித்த எல்லாக் கதைகளையும் பொய் என்பார்கள்.

குச்சி முனையை மருந்தில் முக்கியெடுத்த கட்டைகளைக் காயவைக்கும் அறை பின்பக்கம் இருந்தது. கட்டையோடு கட்டை உரசினாலே தீப்பிடிக்கும் என்பார்கள். ராதாமணி கட்டைகளைப் புரட்டி வைக்க உள்ளே போனதைப் பார்த்தேன். தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல் போய், வெளியே கதவுக்குக் கொண்டியைப் போட்டேன். சாப்பாடு முடிந்ததும் திறந்துவிடலாம் என்றுதான். கெட்ட எண்ணம் இல்லை.

திரும்பி வந்து படிக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அது கோபத்தில் தட்டுவது. குரலை உயர்த்திப் படித்தேன்.

“என்னட்டி சத்தம் அங்கன?” என்றாள் வெயிலுகந்தம்மாள் அக்கா.

“பெட்டிக்கு ஆணி அடிக்காவ, யக்கா.”

“ஆணி அடிக்கவனுக்கும் கதை கேக்கணும்போல” என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு தட்டியது வேறு மாதிரி இருந்தது. ஒரு பாரா முழுக்க அந்தச் சத்தம் இருந்தது. அடுத்த பாராவில் இல்லை. புகை வந்தபோது முதலில் ஓடியது நான்தான். கொண்டியை இழுத்ததும் நான்தான். உள்ளங்கை வெந்துவிட்டது. உள்ளே ராதாமணிக்கு உயிர் இல்லை. வெந்த கையைப் பார்த்த முதலாளி, “இந்தப் புள்ளைக்கு எம்புட்டுத் தைரியம்” என்றார். கதவு வெளியே பூட்டியிருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

தை முடிவதற்குள், ராதாமணி இருந்த இடத்தில் கட்டை அடுக்க அவள் அம்மா பெருமாயி அத்தை வந்து சேர்ந்தாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எம்மவ ஒன்னப் பத்தித்தாம் பேசிக்கிட்டே இருந்தா, தாயி. ‘பொஸ்தகத்துல அந்தப் புள்ள செத்துப் போவுதும்மா, பாலம்மா பொழைக்க வச்சிருக்கா. மொத மார்க்கு கதைக்கு இல்ல, அவளுக்குத்தாம். நாளைக்கு எல்லாருக்கும் சொல்லப்போறேன்’னு ஒரே சிரிப்பு. ஒங்கிட்டச் சொன்னாளா?”

எனக்கு எதையும் ஒளிக்கத் தோன்றவில்லை. கொண்டி போட்டதைச் சொன்னேன். தட்டும் சத்தம் கேட்டதையும், குரலை உயர்த்தியதையும் சொன்னேன். அத்தையின் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“கதவத் தொறந்தப்ப அவளுக்கு உசுரு இருந்துச்சு அத்தே. என்னப் பாத்துச் சிரிச்சா. ஒம்மேல கோவமில்லட்டின்னு சொல்லிட்டுத்தாம் கண்ண மூடுனா” என்றேன்.

அவள் ஆறுதல் அடைவாள் என்று நினைத்தேன். பெருமாயி அத்தை சோற்றைத் தூக்குவாளியில் உதறினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெயிலில் இறங்கிப் போனாள்.