ஈறு கலர் வளையம்

...இல்ல சார், பல்செட்டுக்குப் போடற ரோஸ் பொடியைக் குழைச்சு கேமராவுக்கு வளையம் செய்யலாம்னு புத்தி உள்ளவன் எவனாவது யோசிப்பானா? சொல்லுங்க! நான் யோசிச்சேன். யோசிச்சதோட நிறுத்தியிருந்தாக்கூட பரவாயில்ல. செஞ்சேன். செஞ்சு, அதைக் கொண்டு போய் எங்க அக்கா முன்னாடி நீட்டினேன் பாருங்க... இருங்க இருங்க, நீங்க பேச வேணாம். துண்டை வாய்லயே வச்சுக்குங்க. உங்க செட்டு ரெண்டா விண்டு வந்திருக்கு. ஒட்டி வெந்நீர்ல போட்டிருக்கேன், இறுகணும். அது வரைக்கும் பல்லு என்கிட்ட, நீங்க அந்த நாற்காலியில. பல்லை விட்டுட்டு எங்க போயிடப் போறீங்க?

எங்க விட்டேன்... ஆங், வளையம்.

நான் யாருன்னு கேட்டா, பல்லு செய்றவன். முன் ரூம்ல டாக்டர் புடுங்குவார், பின் ரூம்ல நான் செய்வேன். நாள் பூரா அச்சு, மெழுகு, அரம், உப்புத்தாள். இந்த மூஞ்சிக்கு கேமரா எதுக்குன்னு எங்க வீட்டுக்காரி கேட்டா. நியாயமான கேள்விதான். நான்தான் கேக்கல. ரேஞ்ச்ஃபைண்டர்னு ஒரு வகை கேமரா சார். டிஜிட்டல்தான், ஆனா பார்க்கறதுக்கு அந்தக் காலத்துது மாதிரி கும்முனு இருக்கும். யாரோ வச்சிருந்து வித்தது, வெறும் உடம்பு மட்டும், லென்ஸ் கிடையாது. அதுக்குன்னு உள்ள லென்ஸ் வாங்கணும்னா வீட்டை எழுதிக் குடுக்கணும். அதனால என்ன பண்ணினேன்? பழைய சாமான் கடையில செத்துப் போன கேமரா ஒண்ணு கிடந்துது. அதோட லென்ஸைக் கழட்டினேன். கண்ணாடி அப்படியே கிணத்துத் தண்ணி மாதிரி இருக்கு சார், ஒரு கீறல் இல்ல!

ஆனா பொருந்தாது. இது பூட்டற வாய், அது திருகற வாய். நடுவுல ஒரு வளையம் வேணும், இந்தப் பக்கம் பூட்டு, அந்தப் பக்கம் திருகு. விவரம் தெரிஞ்சவன் கடையில வாங்குவான். கொஞ்சம் விவரம் தெரிஞ்சவன் பித்தளையில கடைஞ்சு வாங்குவான். நான் என்ன நினைச்சேன் தெரியுமா? 'வாய்க்கு வாய் பொருத்தறதுதானேடா உன் தொழில்!' அப்படின்னு என்னையே தட்டிக் குடுத்துக்கிட்டேன்.

மனுஷனுக்கு எடுக்கற மாதிரியே கேமரா வாய்க்கும் வீட்லயே அச்சு எடுத்தேன். சிரிக்காதீங்க, துண்டு விழுது. கேமரா 'ஆ'ன்னு சொல்லுமா? சொல்லாது. அச்சு மாவு உள்ள போய் ஒட்டிக்கிச்சு. பல்லுக்குச்சியை வச்சு நோண்டி நோண்டி எடுத்தேன். அதுக்குள்ள எங்க வீட்டுக்காரி எட்டிப் பார்த்துட்டு, "என்ன, அதுக்கும் சொத்தையா?"ன்னா.

எப்படியோ வளையம் வந்துது. ரோஸ் கலர்ல. வேற கலர் பொடி என்கிட்ட ஏது? மாட்டிப் பார்த்தா, கருப்பு கேமரா, வெள்ளி லென்ஸ், நடுவுல ஈறு. அப்படியே பல்லை இளிக்குது சார்! ஆனா எனக்கு அது அழகாத்தான் தெரிஞ்சுது. காக்காய்க்குத் தன் குஞ்சு... சரி, விடுங்க.

இப்ப விஷயம் என்னன்னா, தடிமன். அந்த வளையம் ஒரு மயிரிழை தடிச்சாலும் தப்பு, மெலிஞ்சாலும் தப்பு. இந்தக் கேமராவுல நம்ம கண்ணு லென்ஸ் வழியா பார்க்காது. பக்கத்துல ஒரு சின்ன ஜன்னல், அது வழியா பார்க்கும். எதிர்ல நிக்கற ஆள் ரெண்டா தெரிவார். லென்ஸைத் திருகத் திருக ரெண்டும் ஒண்ணாகும். ஆச்சுன்னா அமுக்கிடலாம். ஆனா வளையம் தப்பாயிட்டா, ஜன்னல் ஒண்ணு சொல்லும், லென்ஸ் வேற ஒண்ணு பார்க்கும். வளையம் மெலிசா இருந்தா, நீங்க முன்னாடி நிக்கற ஆளைக் குறி வச்சாலும் அது அவரை விட்டுட்டுப் பின்னாடி இருக்கறதைத்தான் பளிச்சுனு புடிக்கும். முன்னாடி இருக்கறவர் புகை.

எனக்கு இது தெரியாமலா? தெரியும்! வெர்னியர் அளவுகோலை வச்சு அளந்தேன். சரியாத்தான் இருந்துது. ஆனா கை சும்மா இருக்கணுமே. எனக்கு என்னமோ ஒரு பொட்டு தடிப்பா இருக்கற மாதிரி ஒரு அரிப்பு. உப்புத்தாளை எடுத்து உக்காந்தேன். சர்ரு... சர்ரு... பல்லுன்னா வாய்ல போட்டுப் பார்த்து, "இங்க உறுத்துது"ன்னு நீங்க சொல்வீங்க. கேமரா சொல்லுமா? எங்க வீட்டுக்காரிதான், காயற துணியை எடுத்துக்கிட்டே, "போதும் தேய்ச்சது. இன்னும் தேய்ச்சா காணாமப் போயிடும்"ன்னா. "உனக்கு என்னடி தெரியும்?"னேன். இந்த வாய்க்கு முதல்ல ஒரு பூட்டு செஞ்சிருக்கணும் நான்.

சரி, எடுத்த படத்தைத்தான் பின்னாடி ஸ்கிரீன்ல பார்க்கலாமேன்னு கேக்கறீங்க. கண்ணுல தெரியுது, கேக்கறீங்க. அங்கதான் சார் என் திமிரு. ஸ்கிரீனைப் பார்த்துப் பார்த்து எடுக்கறவன் எல்லாம் கத்துக்குட்டின்னு நினைச்சு, அது மேல கருப்புத் தோலை வெட்டி ஒட்டிட்டேன். பசை போட்டு! ஃபிலிம் கேமரா மாதிரி இருக்கணுமாம். கண்ணைக் கட்டிக்கிட்டு சைக்கிள் ஓட்டற மாதிரி. நானே கட்டிக்கிட்டேன்.

இந்தச் சமயம் பார்த்து எங்க அக்கா வந்தா. வெளிநாட்டுல இருக்கா, வர்றதே அபூர்வம். அத்தானும் வந்தார். தம்பியும் அவன் பொண்டாட்டியும் வந்தாங்க. அம்மா எங்க கூடத்தான் இருக்காங்க. அம்மாவுக்கு முட்டி போச்சு, காது போச்சு, ஆனா நாக்கு மட்டும் போகல. அக்கா வந்ததும் வராததுமா, "அம்மா கூட நாம எல்லாரும் நிக்கற மாதிரி ஒரு படம் வேணும்டா. போனமுறை ஊருக்குப் போயி அழுதேன், ஒண்ணுகூட இல்லாம"ன்னா. தம்பி போட்டோக்காரரைக் கூப்பிடலாம்னான். நான் விடுவேனா? "வீட்ல கலைஞன் இருக்கறப்ப வெளியில எதுக்குடா?" அத்தான் வளையத்தைப் பார்த்துட்டு, "மாப்ளே, கேமராவுக்கு ஈறு வீங்கியிருக்கே"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ரோஷம். அந்த ரோஷத்துலயே எடுத்தேன்.

சாப்பாடு முடிஞ்சுது. அம்மாவை நாற்காலியில உக்கார வச்சோம். அக்கா, "முதல்ல அம்மா வயித்துல பொறந்தவங்க மட்டும்"ன்னா. டைமர் வச்சுட்டு ஓடி வந்து நானும் நின்னேன். அடுத்தது, "நீங்களும் வாங்க"ன்னு அத்தானைக் கூப்பிட்டா. அப்புறம் தம்பி பொண்டாட்டியை அவனே கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்து நிறுத்தினான். நான் பாட்டுக்கு ஜன்னல்ல கண்ணை வச்சு அம்மாவோட ரெண்டு மூக்கை ஒண்ணா சேர்த்துக்கிட்டிருக்கேன். கிளிக்கு, கிளிக்கு, கிளிக்கு. "அசையாதீங்க! அக்கா, தாடையை இறக்கு!" அடடா, என்ன அதிகாரம், என்ன அலட்டல்...

படத்தை முன்னாடியே பார்க்க மாட்டேன்னுட்டேன். மறுநாள் எல்லாரையும் டிவி முன்னாடி உக்கார வச்சேன். சேர்ந்துதான் பார்க்கணும்னு பிடிவாதம். போட்டேன் முதல் படத்தை.

எல்லாரும் புகை சார். அக்காவுக்குக் கண்ணும் இல்ல மூக்கும் இல்ல. தம்பி ஆவி மாதிரி. அம்மா கண்ணாடியைக் கழட்டி முந்தானையில துடைச்சு மாட்டிக்கிட்டாங்க. மறுபடி கழட்டித் துடைச்சாங்க. அப்ப அம்மாதான் சொன்னாங்க: "பின்னாடி நிக்கறது நம்ம மருமகதானே? நல்லா விழுந்திருக்கா."

பார்த்தேன். எல்லாருக்கும் பின்னாடி சமையக்கட்டு வாசல். அங்க எங்க வீட்டுக்காரி. பளிச்சுனு! கையில ஈரத்தட்டு, அதுல தொங்கற சொட்டுத் தண்ணி வரைக்கும் தெரியுது. அந்த லென்ஸ் அப்படிப்பட்ட லென்ஸ் சார், நான் பொய் சொல்லல.

அடுத்த படம். தட்டைக் கீழ வச்சுட்டா. முந்தானையில கையைத் துடைக்கறா. அடுத்தது, நெத்தி முடியை ஒதுக்கி விடறா. அதுக்கு அடுத்தது... புடவையை நேரா இழுத்து விட்டுக்கிட்டு, ஒரு காலை வாசப்படிக்கு இந்தப் பக்கம் வச்சு நிக்கறா. அத்தானைக் கூப்பிட்டாச்சு, தம்பி பொண்டாட்டியைக் கூப்பிட்டாச்சு, அடுத்து தன்னைத்தான்னு... மூஞ்சியில அப்படியே எழுதியிருக்கு சார். அடுத்த படத்துல முதுகு. கடைசிப் படத்துல வாசல் மட்டும் இருக்கு. காலியா. அதுவும் பளிச்சுனு.

அவ அங்கயே, எல்லாருக்கும் தண்ணி கொண்டு வந்தவ, தட்டோட நின்னு பார்த்துக்கிட்டிருக்கா.

அக்காவுக்குத்தான் முதல்ல பொங்கிச்சு. "என்னடா இது? இவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கேன். உன் பொண்டாட்டியை எடுக்கறதுக்கா எங்களை வரிசையா நிக்க வச்சே? வேணும்னே பண்ணினியா?"

இங்க பாருங்க சார், இப்ப ரெண்டு வழி இருக்கு. வளையத்தைத் தேய்ச்சுக் கெடுத்துட்டேன்னு ஒத்துக்கலாம். இல்லேன்னா பொண்டாட்டி மேல அவ்வளவு பாசம்னு சொல்லலாம். அத்தான் வேற வாயோரத்துல சிரிக்கறார், ஈறு வைத்தியர் என்ன சொல்றார்னு. எனக்குப் பாசம்தான் கௌரவமா பட்டுது.

"ஆமா. வேணும்னேதான்"ன்னேன்.

அக்கா எந்திரிச்சா, பையை எடுத்தா, தம்பி வீட்டுக்குக் கிளம்பிட்டா. போகட்டும்னு நினைச்சேன். அக்கா போனா என்ன, பொண்டாட்டி கண்ணுல நான் உசந்துட்டேனே! சமையக்கட்டுக்குப் போய், சுவத்துல சாஞ்சு, கையைக் கட்டிக்கிட்டு ஒரு தோரணையா நின்னேன். அவ பாத்திரம் தேய்க்கறா. திரும்பல.

"நிஜமாவே வேணும்னேதான் எடுத்தீங்களா?"ன்னா.

"பின்ன?"ன்னேன்.

"அப்ப நான் அங்க நிக்கறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ம்..."

"அத்தனை படம் எடுக்கற வரைக்கும் தெரிஞ்சிருக்கு. வாடின்னு ஒரு வார்த்தை கூப்பிடல."

சார்... எனக்கு அப்பத்தான் உறைச்சுது. நல்ல பேர் வாங்கலாம்னு சொன்ன பொய் எங்க கொண்டு வந்து விட்டுது பாருங்க! தெரியாம விட்டவன், தெரிஞ்சே விட்டவன் ஆயிட்டேன். "ஐயோ இல்லம்மா! வேணும்னே இல்ல, நான் உன்னைப் பார்க்கவே இல்ல!"ன்னு கத்தறேன். அது அதை விடக் கேவலமா கேக்குது. "வளையம் மெலிசாயிடுச்சு, அதான்..."

"வளையம் மெலிசுன்னு எனக்குத் தெரியும். போதும்னு சொன்னதே நான்தானே"ன்னா.

"அப்ப எதுக்குக் கேட்டே?"

"நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்க்கத்தான்."

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தாக்கூட சமாளிச்சிருப்பேன். சண்டையே இல்ல. கழுவின பாத்திரத்தைக் கவுத்து வச்சுட்டுப் போயிட்டா. நான் அந்த வாசல்ல போய் நின்னேன் சார், அவ நின்ன இடத்துல. அங்கேருந்து பார்த்தா ஹால்ல எல்லாரோட முதுகும்தான் தெரியும். எத்தனை வருஷமா அவ அங்கேருந்து எங்க முதுகையே பார்த்துக்கிட்டு இருக்காளோ...

சரி, சரி. உங்க செட்டைப் பார்க்கறேன். இன்னும் கொஞ்சம். நீங்க என்ன, கண்ணைத் துடைக்கறீங்களா? ஓ, துண்டுல மருந்து வாசனையா. ஆமா, காட்டமாத்தான் இருக்கும்.

காலையில அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் நானே சொன்னேன். "அக்கா, வேணும்னே பண்ணல. ரோஸ் பொடியில வளையம் செஞ்சேன், அதிகமா தேய்ச்சுட்டேன். கௌரவத்துக்குப் பொய் சொல்லிட்டேன்."

அக்கா, "அதானே பார்த்தேன். உனக்கு ஏது அவ்வளவு பாசம்"ன்னா. உடனே கோவம் எறங்கிப் போச்சு அவளுக்கு, தெரியுது. அதோட விட்டிருக்கலாம். நான் விடல. "படம் புகையானதுக்கு வளையம் காரணம்க்கா. அவ அங்க நின்னதுக்கு வளையம் காரணம் இல்ல"ன்னேன்.

அப்புறம் அக்கா, குரல் ஒரு மாதிரி, "போனை அவகிட்ட குடு"ன்னா.

குடுத்தேன். அவ வாங்கிக்கிட்டு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. என்ன பேசினாங்களோ! கதவுல காதை வச்சேன், அப்பவும் கேக்கல. முதல்ல அழற மாதிரி இருந்துது. அப்புறம் பார்த்தா சிரிப்பு சார்! ரெண்டு பேரும்! இங்க இவ சிரிக்கறா, போன்ல அவ சிரிக்கறது வெளியில வரைக்கும் கேக்குது. எதைப் பத்தின்னு நினைக்கறீங்க? என்னைப் பத்தித்தான். வேற யாரு இருக்கா சிரிக்கறதுக்கு?

இன்னிக்குச் சாயங்காலம் மறுபடியும் படம். போட்டோக்காரர் வர்றார். நான் கேமராவைத் தொடக்கூடாதுன்னு உத்தரவு. அம்மாவுக்கு வலது பக்கம் அக்காவாம், இடது பக்கம் எங்க வீட்டுக்காரியாம். எல்லாம் அவங்க ரெண்டு பேருமே முடிவு பண்ணியாச்சு. தம்பி எங்க, அத்தான் எங்கன்னுகூட இடம் போட்டு வச்சிருக்காங்க. இன்னிக்குக் கிளம்பறப்ப செருப்பை மாட்டிக்கிட்டே எங்க வீட்டுக்காரிகிட்ட மெல்லக் கேட்டேன், "அப்ப நான் எங்க நிக்கணும்?"னு.

ஏற இறங்கப் பார்த்துட்டு, சிரிக்காமச் சொல்றா சார்: "சமையக்கட்டு வாசல்ல நில்லுங்க. யாராச்சும் கூப்பிடறாங்களான்னு பார்ப்போம்."